தூரம் அதிகம், நேரம் கம்மி

'சுத்திக்கிட்டுப் போனா சீக்கிரம் போயிடலாம் சார்' என்று ஆட்டோக்காரர் சொன்னால், நாம் உடனே மீட்டரைத்தான் பார்ப்போம். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதையே செய்தது. நிஜமாகவே சீக்கிரம் போய்விட்டது.

டெல்லியிலிருந்து சான்ஃபிரான்சிஸ்கோ. 2015 டிசம்பரில் ஆரம்பித்தபோது விமானம் மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போனது. சுமார் 13,900 கிலோமீட்டர். பிறகு கிழக்கே திருப்பி பசிபிக் மேலாக விட்டார்கள். 15,300 கிலோமீட்டர். கூடுதல் 1,400. நம்ம கணக்கில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்விட்டுத் திரும்புகிற தூரம். அப்படியும் பதினாலரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது. பழைய வழியைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம்!

காரணம், காற்று. பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்று ஒன்று ஓடுகிறது. சில சமயம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலே. அது முதுகில் தள்ளினால் லாபம், முகத்தில் அடித்தால் நஷ்டம். பீச் ரோட்டில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கை. விமானம் கிளம்பியது ஞாயிறு விடிகாலை. நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டியதும் சனிக்கிழமை. இறங்கியது மறுபடி ஞாயிறு விடிகாலை! ஒரே லீவு நாள், இரண்டு விடியல். திரும்பும்போதும் அது கிழக்கேதான் பறந்தது, அட்லாண்டிக் வழியாக. போய் வந்தால் உலகம் ஒரு ரவுண்டு. மயில் மேல் முருகன் போன அதே ரூட்.

இதையெல்லாம் நான் கணக்குப் போட்டுப் பார்த்ததற்குக் காரணம், ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர். அவருடைய தம்பி சான்ஃபிரான்சிஸ்கோவில் வேலையாக இருக்கிறான். ஒருநாள் ராத்திரி அப்பாவை ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். தம்பிக்கு போன் போனது. எத்தனை கிலோமீட்டர் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா கேட்டது ஒன்றுதான்: "எப்படா வருவான்?"

லீவு கேட்டு, டிக்கெட் பிடித்து, டெல்லியில் இறங்கி, சென்னை ஃப்ளைட்டுக்குக் காத்திருந்து, ஆஸ்பத்திரி வாசலுக்கு வர இரண்டு நாள் ஆகிவிட்டது. அப்பா கண்ணைத் திறந்து, "சாப்டியாடா?" என்றார். அவ்வளவுதான். அத்தனை பெரிய பையன், வராந்தாவுக்கு வந்து அழுதான்.

பதினாலரை மணி என்பது விமானத்தின் கணக்கு. வீட்டின் கணக்கு போன் மணி அடித்த நிமிஷமே ஆரம்பித்துவிடுகிறது. அந்த இரண்டு நாளில் பாதிக்கு மேல் ஆகாயத்தில் போகவில்லை, தரையில்தான் போனது.

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் தம்பிகளே! பாஸ்போர்ட்டை பேங்க் லாக்கரில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்க மாட்டார்கள். டிக்கெட்டுக்கான பணத்தையும் பத்து நாள் லீவையும் எப்போதும் தொடாமல் வைத்திருங்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் உதவும்.