இளவரசன் பிழைத்துவிட்டான்

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன யாரையாவது கேட்டுப் பாருங்கள். என்ன படித்தீர்கள் என்றால் தலையைச் சொறிவார். என்ன விளையாடினீர்கள் என்றால் சட்டென்று பதில் வரும்: 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா!' வெள்ளை உடை இளவரசன், பாதாளச் சிறை, தரையிலிருந்து கிளம்பும் முள், அறுபது நிமிடக் கெடு.

ஆப்பிள் 2 என்ற ஆரம்பகால வீட்டுக் கம்ப்யூட்டருக்காக ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் எழுதியது. வெளியான வருடம் 1989. தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து அசைவுகளை வரைந்தார். மெமரி மொத்தமே 128 கிலோபைட். உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும் ஒரு 'குட்மார்னிங்' படம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும்! புது எதிரியை வரைய இடம் இல்லை. மனிதர் அசரவில்லை. இளவரசனின் படங்களையே கொஞ்சம் மாற்றி ஒரு நிழல் மனிதனை உண்டாக்கிவிட்டார்.

அந்த மூல நிரல் பல வருடம் காணாமல் போயிருந்தது. 2012-ல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டி கிடைத்தது. உள்ளே ஃப்ளாப்பிகள். விஷயம் தெரிந்த இரண்டு பேர் பழைய மெஷினோடு வந்து உட்கார்ந்து, பைட் பைட்டாக மீட்டார்கள். இன்று யாரும் படிக்கலாம்.

சரி, நம்ம ஊர் அலமாரியில் இருந்த ஃப்ளாப்பி எங்கே? காயலான் கடைக்குப் போய் ரொம்ப நாளாச்சு சார்.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பாஷையில் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு வருமான வரிச் சட்டம் வருடம் 40 சதவிகிதம் தேய்மானம் தருகிறது. நாலைந்து வருடத்தில் அதன் மதிப்பு ஏட்டில் ஏறக்குறைய காலி. உள்ளே இருக்கும் ஃபைலுக்கோ ஏட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. அதனால்தான் மெஷினை எடைக்குப் போடும்போது உள்ளே இருப்பதும் சேர்ந்து போகிறது. யாருக்கும் நஷ்டம் தெரிவதில்லை.

"விளையாட்டுக்கும் டைப்படிச்ச ஃபைலுக்கும் இவ்வளவு அலட்டலா?" என்று கேட்பீர்கள். 1931-ல் வந்த 'காளிதாஸ்' படத்தையும் 'கூத்துதானே' என்றுதான் நினைத்தோம். தமிழின் முதல் பேசும் படம். இன்று பார்க்க ஒரு பிரதி இல்லை. ஏட்டுச்சுவடியை ஆற்றில் விட்ட பரம்பரை நாம். உ.வே.சா. மாதிரி சிலர் ஊர் ஊராக அலைந்ததால் ஏதோ கொஞ்சம் மிஞ்சியது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதே திருக்கோகர்ணத்தில் கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி சொந்தக் காசில் சேர்த்த ஞானாலயா இருக்கிறது. முதல் பதிப்புகளைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். பக்கத்தில் குடுமியான்மலை. அங்கே பாறையில் வெட்டிய இசைக் கல்வெட்டும் ஒருவகை நிரல்தான். எந்த ஸ்வரத்துக்குப் பின் எந்த ஸ்வரம் என்று வரிசையாக எழுதிய கட்டளை. ஆயிரம் வருடத்துக்கு மேல் தாண்டிவிட்டது. கல்லைப் படிக்கக் கண் போதும். ஃப்ளாப்பியைப் படிக்க மெஷின் வேண்டும், மெஷினை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். இரண்டும் அருகிக்கொண்டே வருகின்றன.

தமிழுக்கு இன்னொரு தலைவலி. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு. 1999-ல் தமிழக அரசே டாம், டாப் என்று தரம் அறிவித்தது. அந்தக் கால ஃபைலை இன்று திறந்தால் ஜிலேபியைப் பிய்த்துப் போட்ட மாதிரி இருக்கும். டாஸ் காலத்து 'ஆதமி' மாதிரி தமிழ் மென்பொருள்களை எழுதியவர்கள் என்ன லாபம் பார்த்தார்கள்? அவர்கள் உழைப்புக்கு ஒரு கண்ணாடி அலமாரிகூட இல்லையே!

அச்சிட்ட புத்தகம் என்றால் 1954-ம் வருடச் சட்டப்படி கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போயாக வேண்டும். மென்பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பழைய நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றும் தமிழ் இணையக் கல்விக்கழகம் அரசிடம் இருக்கிறது. அங்கே ஒரு அறை, நாலு பழைய மெஷின், அதை ஓட்டத் தெரிந்த இரண்டு பேர். 'உங்கள் பழைய ஃப்ளாப்பியைக் கொண்டுவாருங்கள்' என்று ஒரு அறிவிப்பு. இதற்கு ஆகும் செலவு ஒரு விழாவுக்குப் பந்தல் போடும் காசுகூட வராது.

அரசு செய்யும்போது செய்யட்டும். நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் மேல் ஏறுங்கள். பெர்சியா இளவரசனைக் காப்பாற்ற ஒரு அப்பாவின் அலமாரி இருந்தது. உங்கள் வீட்டுப் பரணில் எந்த இளவரசன் மாட்டிக்கொண்டு கிடக்கிறானோ? அவனுக்கும் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.