சுண்ணாம்பும் பனங்கட்டி நீரும்

கல்முனைக் கரையோரத்துப் பழைய காரைச் சுவர்களைச் செப்பனிடுவோர், பனங்கட்டி நீர் கலந்தாற் சுவர் வைரமாகும் என்கின்றனர். கலக்கலாம், எப்பொழுது என்பதை எவரும் வினவுவதில்லை.

சுட்ட சுண்ணாம்பு நீரை உண்டு கொதித்து நீறுகின்றது. (நீறு என்பது வினையும் பெயருமாதல் காண்க.) உவர்க்கிணற்று நீரின் சல்பேற்று உப்பு நீறுதலைத் தடுத்துப் பொடியைப் பருமனாக்கும். நீறாது எஞ்சிய கட்டிகள் பூச்சுக்குள் ஈரமுற்று நீறிப் பருக்கும். எங்கள் அயலில் அவ்வாறு பூசிய சுவரொன்று ஆறு திங்களிற் கொப்புளித்தது.

ஆதலின் நன்னீரில் நீற்றிச் சில வாரம் ஊறவிடுக. பனங்கட்டி நீரைக் காரை அரைக்கும்போதே அளவாகச் சேர்க்க. வெறும் நீரிலும் சீனிக் கரைசலிற் சுண்ணாம்பு பன்மடங்கு கரையும். இனிப்பின் பயன் அங்கேதான். காத்திருக்க மனமின்றிச் சீமெந்து பூசுவோரோ, கடற்கரைச் சுவரின் உப்பீரத்தை உள்ளேயே சிறைவைக்கின்றனர்.