குடை பிடித்தவருக்குப் பேரு உண்டு

எங்கள் ஊர்க் கோயிலின் பக்கத்து அறையில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. கறுப்பு அங்கி போட்ட வெள்ளைக்காரர் நடந்து வருகிறார். பின்னால் ஒருத்தர் குடை பிடிக்கிறார். இன்னொருத்தர் தலையில் மூட்டை. கீழே வெள்ளைக்காரரின் பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் எல்லாம் எழுதியிருந்தது. உபதேசியாராக இருந்த என் தாத்தாவிடம் சின்ன வயசில் கேட்டேன்: "தாத்தா, குடை பிடிக்கிறவரு பேரு என்ன?" அவர் சிரித்தார். "அவருக்கு எதுக்குடா பேரு? அவரு நம்ம ஆளு."

அந்தச் சிரிப்பு இன்னும் என்னைச் சுடுகிறது.

நம்மைப் பற்றி இரண்டு பேர் கதை சொல்கிறார்கள். திருச்சபை வரலாறு எழுதுகிறவர் சொல்கிறார்: துரை வந்தார், இருட்டில் கிடந்தவர்களுக்கு வெளிச்சம் கொடுத்தார். இந்துத்துவக்காரர் சொல்கிறார்: துரை வந்தார், ஆசை காட்டி ஏமாந்த சனங்களை இழுத்துக்கொண்டு போனார். ஒருவருக்கொருவர் எதிரிகள்தான். ஆனால் நம்ம விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி. இரண்டு கதையிலும் துரைக்குத்தான் காலும் மூளையும் இருக்கிறது. நாம் தூக்கிக்கொண்டு போகப்பட்ட மூட்டை.

உண்மை என்ன? மயிலாடிக்குப் போய்ப் பார்ப்போம்.

தென் திருவிதாங்கூரில் நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர். அங்கே மகாராசன் என்று ஒரு பறையர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் அவர் சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்பினார். நந்தன் போன அதே சிதம்பரம். நந்தனுக்கு அங்கே கிடைத்தது நெருப்பு. மகாராசனுக்கு மனசு ஆறவில்லை. வழியில் தஞ்சாவூரில் கோலாஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். ஊர் திரும்பித் தன் சொந்தபந்தங்களிடம் பேசினார். தன் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டதும் அவர்தான். அப்புறம்தான், 1806 ஏப்ரலில், லண்டன் மிஷனின் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து சேர்ந்தார்.

கவனியுங்கள் தோழர்களே. துரை வருவதற்கு முன்னாலேயே அங்கே சனம் கூடியிருந்தது. யார் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தது?

அந்தத் திருவிதாங்கூரில் பறையரும் புலையரும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்ததே 1855இல்தான். பொது ரோட்டில் நம்ம சனம் நடக்கக் கூடாது. 1924இல் வைக்கத்தில் போராட்டம் நடத்த வேண்டியிருந்ததே, கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் நடப்பதற்காகத்தானே? அதற்கும் நூறு வருஷத்துக்கு மேலே முன்னால், ரோட்டில் நடக்கத் தடை போடப்பட்ட ஒரு மனிதர் ஒரு மிஷனுக்கே வழி காட்டியிருக்கிறார். 1816இல் ரிங்கல்தௌபே ஊரை விட்டுப் போனபோது சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்தின் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். 1818இல் மீட் ஐயர் வரும்வரைக்கும் அங்கே வெள்ளைக்கார மிஷனரி இல்லை. சபை சிதறிப் போகவில்லை. இவரைப் போய் 'உதவியாளர்' என்று எழுத எப்படிக் கை வருகிறது?

சரி, துரைமார் எல்லாரும் நம்ம ஆளுக்கு இப்படிப் பொறுப்புக் கொடுத்தார்களா? அதுதான் இல்லை. அதையும் மூடி மறைக்காமல் பேச வேண்டும்.

தரங்கம்பாடிக்குப் போவோம். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர். அன்றைக்குத் தஞ்சாவூர் ராஜ்யத்துக்குள் வெள்ளைக்கார மிஷனரி நினைத்தபடி நுழைய முடியாது. உள்ளே போய் ஊர் ஊராக நடந்தது நம்ம உபதேசிமார்தான். அவர்களில் ஒருவர் இராஜநாயக்கன். பறையர். தஞ்சாவூர்ப் படையில் இருந்தவர். 1720களில் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். அடி, மிரட்டல் எல்லாவற்றுக்கும் நடுவில் சபைகளை வளர்த்தார்.

1733இல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் முதல் சீர்திருத்தத் திருச்சபைப் போதகர் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். 1741இல் இரண்டாவது பட்டம். இராஜநாயக்கன் பெயரும் பேச்சில் வந்தது. ஆனால் பட்டம் போனது தியோகுவுக்கு. ஏன்? இராஜநாயக்கனுக்கு வேதம் தெரியாதா? உழைப்புப் பத்தாதா? எதுவும் இல்லை. ஒரு பறையர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று துரைமார் முடிவு செய்தார்கள். கிறிஸ்துவின் உடல்கூட சேரிக் கையில் இருந்தால் தீட்டாம்! கடைசிவரைக்கும் அவர் உபதேசியாராகவே இருந்தார்.

'துரைக்குச் சாதி தெரியாது, பாவம்' என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரிந்து, கணக்குப் போட்டுப் பார்த்து, நம்ம ஆளை விட்டுக்கொடுத்தார்கள். பேராயர் டேனியல் வில்சன் 'சபைக்குள் சாதி கூடாது' என்று உத்தரவு போட்டது 1833இல். அந்த 1741க்கு அப்புறம் தொண்ணூற்றிரண்டு வருஷம் கழித்து. அதைக்கூடச் சாதிக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள், சபையை விட்டே வெளியேறினார்கள்.

இது பழைய கதை என்று யாராவது சொன்னால், உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். நடுவில் சுவர் இருக்கிறதா? தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? கோயிலுக்குள் நம்மைப் பறையர் என்று ஒதுக்குகிறான். சலுகை கேட்டுப் போனால் அரசாங்கம் 1950 ஆணையைக் காட்டி, 'நீ கிறிஸ்தவன், பட்டியல் சாதி இல்லை' என்கிறது. இராஜநாயக்கனுக்குச் செய்ததைத்தான் இவர்கள் நமக்கும் செய்கிறார்கள்.

மாணவத் தோழர்களே, ஆய்வு செய்கிறவர்களே, ஒரு வேலை இருக்கிறது. துரைமாரின் நாட்குறிப்பைப் படிக்கும்போது 'ஒரு உபதேசி', 'எங்கள் சமையல்காரன்', 'பல்லக்குத் தூக்கிகள்' என்று வரும் இடத்தில் நில்லுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுங்கள். சேரிக் கிழவிகளிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவுங்க அப்பன் பேரு, பாட்டன் பேரு, எந்த ஊருக்கு யாரு வழி காட்டினாங்க என்று கேளுங்கள். கேட்டதை அப்படியே எழுதுங்கள்.

அந்தப் படத்தில் குடை பிடித்தவரின் பெயரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தாத்தா இப்போது இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்: நம்ம ஆளுதான் தாத்தா, அதனாலதான் பேரு வேணும்.