கைபேசி இருக்கிறதே, விரிவுரையாளர் எதற்கு?

2023 ஓகஸ்டில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக நிர்வாகம் தனது உலக மொழிகள் துறையை முற்றாக மூட முன்மொழிந்தது. சொல்லப்பட்ட காரணம், 45 மில்லியன் டொலர் பற்றாக்குறை. ஸ்பானிய மொழியும் பிற மொழிகளும் படிக்க விரும்பும் மாணவர்கள் என்ன செய்வது? நிர்வாகம் யோசித்த மாற்றுகளில் ஒன்று, இணையவழி மொழிச் செயலி ஒன்றுடன் கூட்டுச் சேர்வது. விரிவுரையாளர் போகலாம், கைபேசி போதும் என்பதே அதன் பொருள்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பின்னணி உண்டு. டுவோலிங்கோ செயலி 2012இல் பொதுப் பாவனைக்கு வந்தது. அதே ஆண்டு அந்த நிறுவனமே பணம் கொடுத்துச் செய்வித்த ஆய்வொன்று, சராசரியாக 34 மணித்தியாலம் அதில் ஸ்பானியம் படித்தால் பல்கலைக்கழகத்தின் முதல் அரையாண்டுப் பாடத்துக்கு ஈடாகும் என்றது. நல்ல விளம்பரம். ஆனால் அங்கே நடந்தது கணினித் திரையில் நடந்த பரீட்சை. இலக்கணம், சொல், வாசிப்பு அளக்கப்பட்டன. பேச்சு அளக்கப்படவில்லை.

அந்த வேறுபாடு நமக்குத் தெரியாததா? ஐம்பது சிங்களச் சொற்களைப் பாடமாக்கிக்கொண்டு சோதனைச்சாவடியில் நின்றவர்களைக் கேளுங்கள். எதிர்பாராத ஒரு கேள்வி வந்ததும் அத்தனையும் எங்கே போயின என்று சொல்வார்கள்.

நான் கைபேசிக்கு எதிரானவன் அல்லன். பஸ்ஸில் இருந்தபடி சொற்களைத் திரும்பத் திரும்பப் பயிலவும், உச்சரிப்பைப் பதிவுசெய்து விரிவுரையாளருக்கு அனுப்பவும், மெக்சிக்கோ மாணவர் ஒருவருடன் முகம் பார்த்துப் பேசவும் அது நல்ல கருவி. ஸ்பானிய வினைச்சொல் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப, தமிழைப் போலவே, உருமாறும். வாரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் அதற்குக் காணாது. ஆனால் ‘இருத்தல்’ என்பதற்கு அம்மொழியில் ‘செர்’, ‘எஸ்தார்’ என்று இரண்டு வினைகள். மாற்றிப் போட்டால் ‘எனக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்பது ‘நான் சலிப்பூட்டும் ஆள்’ என்றாகிவிடும். செயலி பிழையைக் காட்டும், விதியையும் சொல்லும். மாணவர் எந்த இடத்தில் குழம்பினார் என்பதை அவர் கேள்வி கேட்கும் விதத்திலேயே பிடிப்பவர் ஆசிரியர்தான்.

மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். ஆயினும் செப்டெம்பர் 15இல் ஆட்சிக்குழு 143 கல்விசார் பதவிகளையும் 28 பட்டப்படிப்புகளையும் நீக்கியது. ஸ்பானியம் சில ஆசிரியர்களுடன் வெறும் பாடமாக மிஞ்சியது. மேற்கு வேர்ஜினியா நிலக்கரியை நம்பி வாழ்ந்த, அமெரிக்காவின் மிக ஏழை மாநிலங்களில் ஒன்று. தம் மாநிலத்தின் மிகப் பெரிய அரச பல்கலைக்கழகத்தில் ஸ்பானியத்தில் பட்டம் பெறும் வழி அங்குள்ள பிள்ளைகளுக்கு மூடப்பட்டுவிட்டது.