வாயுண்டு, செவியில்லை

பப்புவா நியூகினியில் 800க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்குகின்றன. அத்தகைய மொழிகளிலே கிறிஸ்தவ வேதாகமத்தை ஒலியாகப் பதிந்து ஊரூராகக் கொண்டுசெல்வோரைப் பற்றிப் பேச்செழுந்தால், முற்போக்கு நண்பர் சிலர் உதட்டைப் பிதுக்குகின்றனர். ‘மதம் மாற்றும் தந்திரம்’ என்று ஒரே சொல்லில் வழக்கைத் தீர்த்துவிடுகின்றனர். நோக்கம் அதுவே என்பதைப் பதிவோரும் மறைக்கவில்லையே! கேட்கவேண்டிய கேள்வி வேறு.

1939இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இத்தகைய பதிவுக்கென ஓர் அமைப்பைத் தொடங்கியவர் ஜோய் ரிடர்ஹொஃப். ஹொண்டூராஸில் ஊழியஞ் செய்து, நோயுற்று நாடு திரும்பிய பெண்மணி. அவர் குழுவினர் எழுத்தே இல்லாத மொழிகளைத் தேடிச் சென்றனர். எழுத்தறியாத ஒருவரை இருத்தி, மொழிபெயர்ப்பாளர் சொல்லச்சொல்ல வாக்கியம் வாக்கியமாகப் பதிந்து, வெட்டி ஒட்டினர். மின்சாரமில்லாத ஊர்களுக்கென்று, மட்டையை மடித்துக் கையாற் சுழற்றும் இசைத்தட்டுக் கருவியையுஞ் செய்தனர். இன்று அவ்வமைப்பின் பதிவுகள் 6,000 மொழிகளைக் கடந்துவிட்டன.

மக்கள் இலக்கியம் என்று முழங்கும் நண்பர்களோ, வாசிக்கத் தெரியாதவனின் விடுதலையை அவன் வாசிக்க முடியாத ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கின்றனர்.

பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற நாவலர், பின்னர் பாதிரிமாரை ஏசியபடி வாளாவிருந்தாரல்லர். 1847இல் பிரசங்கம், 1848இல் பாடசாலை, 1849இல் அச்சகம் என்று அவர்களுடைய கருவிகளையே கைக்கொண்டார். சாதி விடயத்தில் அவரோடு நமக்குள்ள வழக்குத் தீராதது. ஆயினும் இந்த விவேகத்தை மறுக்கவியலாது.

ஒலிவேதத்தின்மீது சாட்டவேண்டிய உண்மையான குற்றம் ஒன்றுண்டு. அந்தப் பெட்டிக்கு வாயுண்டு, செவியில்லை. கிராமத்தவனின் குரலை வாங்கி, பிறர் தீர்மானித்த வாக்கியத்தை அதில் ஏற்றி, அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறது. அவன் பாட்டன் சொன்ன கதை, காணி வழக்கு, காட்டை வெட்டவந்த கம்பனியைப் பற்றி அவன் சொல்லும் வார்த்தை — இவற்றுக்கு அதில் இடமேது? பாவத்தைப் பற்றி அவன் மொழியிற் பேசுகிறது. கூலியைப் பற்றி அவன் பேசினாற் கேளாது.

ஆகவே செவியுள்ள கருவியை ஆக்குவதே நமக்குரிய எதிர்வினை. பதியுங் கருவி இன்று மாணவர் பலரின் சட்டைப்பையிலேயே கிடக்கிறது. மலையகத்து லயத்தில் எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி தன் கொழுந்துக் கணக்கைத் தன் பேச்சிலேயே சொல்லட்டும். அதைப் பதிந்து, முதலில் அவளுக்கும் பின்னர் அவள் அயலவர்க்கும் போட்டுக் காட்டுங்கள். எதை வெட்டுவது, எதை விடுவது என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.