ஏகாந்தக் கரைகளுக்குக் காவல் எது?

ஜொகூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கடற்கரை என்றால் நெடுங்காலம் டெசாரு ஒன்றுதான். கூலாய், குளுவாங், கோத்தா திங்கி வட்டாரத்து ரப்பர் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் ஆண்டு முழுவதும் உழைத்த ஜனங்கள், பள்ளி விடுமுறை வந்ததும் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பேருந்தை அமர்த்தி, புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் அண்டாக்களில் ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்பட்டு, அங்கே சவுக்கு மரங்களின் நிழலில் பாய் விரித்து, பிள்ளைகளை அலையில் விட்டுப் பெரியவர்கள் கரையில் நின்று பார்த்து, பொழுது சாய்ந்ததும் மணல் ஒட்டிய கால்களோடு வீடு திரும்பிய அந்த ஒருநாள் உல்லாசம், எளிய மனிதரின் வாழ்வில் எத்தனை பெரிய சம்பத்து என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். 2018-ஆம் ஆண்டு தொடங்கி டெசாருவின் கரையோரத்தில் உலகப் புகழ்பெற்ற விடுதிகளும் நீர்விளையாட்டுப் பூங்காவும் திறக்கப்பட்டன. பொதுமக்களுக்கான கரை இன்றும் அங்கே உண்டு. ஆயினும் கூட்டமும் செலவும் ஏறிவிட்டபடியால், அமைதியான வேறு கரை ஏதேனும் உண்டா என்று நம்மவர் விசாரிக்கத் தொடங்கியிருப்பது இயல்பே.

உண்டு. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர் சென்றால் மெர்சிங் என்ற மீனவர் நகரம் வருகிறது. அங்குள்ள படகுத்துறைக்கு வருவோரில் பெரும்பாலோர் பஹாங் மாநிலத்துத் தியோமான் தீவுக்குப் போய்விடுகிறார்கள். அத்துறைக்கு எதிரே ஜொகூருக்கே உரிய ராவா, பெசார், தெங்கா, திங்கி தீவுகளும், வெகுதூரத்தில் ஆழ்கடலின் நடுவே பெமாங்கில், அவுர் தீவுகளும் இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சிபு தீவுக்குப் போகிறவர்கள் இன்னும் தெற்கே தஞ்சோங் லேமான் துறையில் படகேற வேண்டும். படகேற மனமோ பணமோ இல்லாதவர்களுக்கு மெர்சிங்கின் வடக்கே ஆயர் பாப்பான், தஞ்சோங் ரெசாங், பெஞாபோங் என்று நிலப்பரப்பிலேயே கரைகள் உள்ளன. வேலைநாட்களில் அங்கே ஒருவர் மணற்பரப்பில் நடந்தால் தம் காலடியைத் தவிர வேறு காலடியைக் காண்பது அரிது.

இவற்றையெல்லாம் யாரோ ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்வது நியாயமாகாது. பல தலைமுறைகளாக மலாய்க் கம்பத்து மீனவர்கள் இத்தீவுகளில் தென்னை வைத்து வாழ்கிறார்கள். அதற்கும் முன்னே, தென்சீனக் கடலில் பாய்விரித்து வந்த சீன மாலுமிகள், திங்கி தீவின் கூம்பு வடிவ மலையையும் அவுர் தீவின் சிகரங்களையும் வழிகாட்டும் அடையாளங்களாகக் கொண்டு கலம் செலுத்தினார்கள். ஆகவே, இக்கரைகள் எங்கே இருக்கின்றன என்பதைவிட, இத்தனை காலம் இவை எதனால் அமைதியாக இருந்தன, இனி எதனால் அமைதியாக இருக்கும் என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

முதற் காவல் வடகிழக்குப் பருவக்காற்று. நவம்பர் மாதத்தில் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் தீவு விடுதிகளில் பெரும்பாலானவை கதவடைக்கின்றன. படகுகள் ஆற்றுக்குள் ஒதுங்குகின்றன. பிப்ரவரி கழிந்து மார்ச் பிறக்கும் வரையில் அந்த மணலும் பவளமும் மனித ஸ்பரிசமின்றி ஓய்வு கொள்கின்றன. இரண்டாவது காவல் மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம். அது ஆழமற்றது. நீர் வற்றிய வேளையில் அத்துறைக்குச் சென்று பாருங்கள்: சேற்றுத் திட்டுகள் வெளியே தெரிய, மீன்பிடிப் படகுகள் ஒருபுறம் சாய்ந்து கிடக்க, மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள் மீன் கெரோப்போக்கைக் கொறித்தபடி நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். படகு புறப்படும் நேரத்தை அங்கே கடிகாரம் தீர்மானிப்பதில்லை. நீர் ஏறினால்தான் படகு. சிங்கப்பூரிலிருந்து சொகுசு வாகனத்தில் வந்த தனவந்தரும், மாசாயிலிருந்து பேருந்து பிடித்து வந்த தொழிற்சாலைத் தொழிலாளியும் அந்த நீருக்காகச் சமமாகவே காத்திருக்கிறார்கள். இந்தச் சமத்துவம் எனக்கு மிகவும் உயர்ந்ததாகத் தோன்றுகிறது.

ஏனெனில் ஏகாந்தத்தைக் காக்க வேறொரு முறையும் உலகெங்கும் கையாளப்படுகிறது, அது விலை. தெங்கா தீவை எடுத்துக்கொள்வோம். 1970-களின் பிற்பகுதியில், வியட்நாமிலிருந்து ஓட்டைப் படகுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அகதிகளுக்கு அத்தீவு புகலிடமாக இருந்தது. இன்று அங்கே ஒரு தனியார் விடுதி நடைபெறுகிறது. அத்தீவில் கடலாமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் நற்பணி நடப்பதையும், விருந்தினர் தொகை குறைவாயிருப்பதால் பவளப்பாறைகளுக்கு நன்மை விளைவதையும் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை இரண்டு இரவுகளுக்குக் கொடுக்கக்கூடியவர் மட்டுமே அமைதியை அனுபவிக்கலாம் என்ற நியதி எல்லாத் தீவுகளுக்கும் பரவிவிட்டால், கடலுக்கு இத்தனை அருகில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் அதைப் படத்தில் பார்ப்பதோடு திருப்தியடைய வேண்டியதுதான். உயரலை தொடும் எல்லைக்குக் கீழே உள்ள கரைநிலம் மாநில அரசுக்கு உரியது என்பது 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் காட்டும் நிலை. அலை நனைக்கும் மணல் பொதுச் சொத்து. அந்த மணலுக்குச் செல்லும் வழியையும் பொதுவாக வைத்திருப்பது அரசின் கடமையாகும்.

அமைதியை அனுபவிக்க வருகிறவர்கள் மனிதர் மட்டுமல்லர். சிபு, திங்கி தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் கடற்புல் படுகைகள் விரிந்திருக்கின்றன. முகக்கண்ணாடி அணிந்து நீரில் கவிழ்ந்து பார்த்தால், நகத்தளவு பச்சை இலைகள் மணலை மூடியிருக்க, அவற்றினூடே ஒரு சாண் அகலத்தில் வெறும் மணல் மட்டும் தெரியும் நீண்ட தடங்கள் வளைந்து வளைந்து செல்வதைக் காணலாம். அவை கடற்பசு மேய்ந்துபோன தடங்கள். பாக் நீரிணைக் கரையில் நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் அதே பிராணிதான் இது. நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல் தின்னும் இந்தச் சாதுவான ஜீவன், ஓராண்டுக்கும் மேலாகக் கர்ப்பம் தாங்கி ஒரு கன்றை ஈன்றபின், மறு கன்றுக்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. விரைவுப் படகின் அடியில் ஒரு பசு மாண்டால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஜொகூர்த் தீவுகளைச் சூழ்ந்த இரண்டு கடல் மைல் நீர்ப்பரப்பு 1994 முதல் கடற்பூங்காவாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றிருப்பது நல்ல தொடக்கமே; கடற்பசு மேயும் படுகைகளில் படகுகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் நங்கூரம் பாய்ச்சுவதைத் தடுப்பதும் எவ்விதத் தளர்வுமின்றி நிறைவேற வேண்டும்.

ஆற்றை ஆழப்படுத்திப் பெரிய கப்பல்களை வரவழைத்தால் ஊர் செழிக்கும் என்போரும் உள்ளனர். மீனவர் படகுகள் தரைதட்டாமல் போய்வர ஆற்றைத் தூர்வாருவது நியாயமான கோரிக்கை. அதை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். நூற்றுக்கணக்கானோரை ஒரே சமயத்தில் ஒரு சிறு தீவில் இறக்கும் கப்பல்களுக்காக அதைச் செய்வது வேறு காரியம். பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவில் கழிவுநீர் கடலில் கலந்து நாற்றமெடுத்ததால், 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தீவையே ஆறு மாதம் மூடவேண்டியதாயிற்று. ஒரு திரைப்படத்தால் பிரசித்தி பெற்ற தாய்லாந்தின் மாயா விரிகுடா அதே ஆண்டு ஜூனில் மூடப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் கழித்து 2022 ஜனவரியில்தான், வருவோர் தொகைக்கு வரம்பிட்டுத் திறக்கப்பட்டது. கெட்டபின் வரம்பிட்ட அவ்விடங்களைக் கண்டபிறகாவது நாம் முன்கூட்டியே வரம்பிட வேண்டாமா?

காலமும் குறுகிக்கொண்டு வருகிறது. 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறாக மாறி, சிங்கப்பூரின் விடுமுறையோடு ஒன்றிவிட்டது. ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் விரைவு ரயிலோ ஒவ்வொரு திசையிலும் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச்செல்லும் வகையில் திட்டமிடப்பட்டது. அந்த ஜனத்திரளில் ஒரு சிறு பகுதி கிழக்கே திரும்பினாலும் சிபு தாங்காது.

ஆகவே மாநில அரசிடம் நான் கேட்பவை இரண்டு. ஒவ்வொரு தீவுக்கும் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வகுத்து, அந்த இடங்களை அதிகப் பணம் தருவோருக்கு அல்லாமல், முந்திப் பதிவு செய்வோருக்குச் சாதாரணக் கட்டணத்தில் வழங்க வேண்டும். அவற்றில் ஒரு பங்கைக் கம்பத்து மக்கள் நடத்தும் தங்கும் வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். நம்மவரிடம் கேட்பதும் உண்டு. பெரும் பேருந்தில் ஒலிபெருக்கியோடு போகும் பழைய வழக்கம் டெசாருவுக்குப் பொருந்தியிருக்கலாம். தீவுகளுக்கு இரண்டு மூன்று குடும்பங்களாகப் போங்கள். குப்பையை மூட்டையாகக் கட்டித் திரும்பக் கொண்டு வாருங்கள். சோற்றைக் கம்பத்துக்காரர் வீட்டில் விலைகொடுத்து உண்ணுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் ஆலயப் பொறுப்பாளர்களும் மனம் வைத்தால் இவ்வகைச் சிறு பயணங்களை ஏற்பாடு செய்வது பெரிய பிரயத்தனமன்று. பருவக்காற்று ஓய்ந்து மார்ச் மாதத்தில் மெர்சிங்கிலிருந்து படகுகள் மீண்டும் புறப்படும். வரம்பு எத்தனை, கட்டணம் எவ்வளவு என்ற அறிவிப்பு அதற்குமுன் படகுத்துறைப் பலகையில், மலாயோடு தமிழிலும் சீனத்திலும் ஏறிவிட வேண்டும்.