டாப் கியர் போட்டா வேகம் வந்துடுமா?

"கியரை பெருசா போடு, அழுத்தி மிதி, அவ்ளோதான் ஸ்பிரிண்ட்டு." சைக்கிள் ஓட்டற நாலு பேர் டீக்கடையில நின்னா இந்த உபதேசம் காதுல விழாம இருக்காது. வேலூர்ல கிளம்பி கண்ணமங்கலம் வழியா அமிர்தி, படவேடுன்னு ஞாயித்துக்கிழமை ஓட்டற கூட்டத்துல இது கிட்டத்தட்ட வேதவாக்கு. கடைசி 200 மீட்டர் வந்தா போதும், எல்லாரும் டக்கு டக்குன்னு 11 பல்லுக்குத் தட்டிட்டு, சேத்துல எருமை நடக்கற மாதிரி மிதிக்க ஆரம்பிச்சுடறாங்க. முகத்துல மட்டும் உலக சாம்பியன் களை.

மக்களே, இது அபிப்பிராய பேதம் இல்ல. கணக்குலயே தப்பு. பெரியவங்க தங்களுக்குள்ள இந்தத் தப்பைப் பண்ணிக்கிட்டா நான் பொட்டி தட்டற வேலையைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்திருப்பேன். இப்போ இதைப் பள்ளிக்கூடப் பசங்களுக்கும் சொல்லிக் குடுக்கறாங்க. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல அடிப்படை. வண்டியைத் தள்றது வெறும் அழுத்தம் இல்ல, திறன். திறன்னா அழுத்தம் பெருக்கல் வேகம். பெடலை எவ்வளவு பலமா அழுத்தறீங்க, எவ்வளவு வேகமா சுத்தறீங்க, ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் வாட்ஸ். இதுல ஒரு சிக்கல் இருக்கு. கால் எவ்வளவு வேகமா சுத்துதோ, அவ்வளவுக்கு அதால தர முடியற அழுத்தம் குறையும், கிட்டத்தட்ட நேர்கோடு மாதிரி. சுத்தாம நின்னா அழுத்தம் உச்சம், ஆனா திறன் பூஜ்யம். தலைதெறிக்க சுத்தினா அழுத்தமே இல்ல, அப்பவும் திறன் பூஜ்யம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மேடு இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு அந்த மேட்டோட உச்சி நிமிஷத்துக்கு 110-லிருந்து 130 சுத்து வரைக்கும் உள்ள இடத்துல வரும். சில விநாடி முழு பலத்தையும் காட்டணும்னா கால் அங்க இருக்கணும்.

இப்போ நம்ம ஞாயித்துக்கிழமை வீரரை எடுத்துக்குவோம். முன்னாடி 50 பல்லு, பின்னாடி 11. 700 சைஸ் வீலோட சுத்தளவு சுமார் 2.1 மீட்டர். ஒரு மிதி சுத்துக்கு வண்டி ஏறக்குறைய 9.5 மீட்டர் போகும். அவர் 38 கி.மீ. வேகத்துல ஸ்பிரிண்ட் எடுத்து 48-ல முடிக்கிறார்னு வைங்க (நம்மூர் லெவலுக்கு 48 நல்ல வேகம்தான்). எடுக்கும்போது அவரோட சுத்து 66, முடிக்கும்போது 84. அதாவது மேட்டுக்குப் பக்கத்துலயே போகாம போட்டியை முடிச்சுட்டார்!

அதே ஆள் 50/16-ல எடுத்தா? சுத்துக்கு 6.5 மீட்டர் சொச்சம். 38-ல 97 சுத்து, 48-ல 122. கியரே மாத்த வேணாம். ஸ்பிரிண்ட்டோட பின்பாதி முழுக்க உச்சியிலயே ஓடும். இன்னும் பலம் மிச்சம் இருந்தா ஒரே ஒரு பல்லு தட்டிக்கலாம்.

காலுக்கு விழற சுமையையும் பாருங்க. 800 வாட்ஸ்னு வைப்போம், கிராங்க் நீளம் 170 மில்லிமீட்டர். 66 சுத்துல அந்த 800 வரணும்னா பெடல் மேல சுத்து முழுக்க சராசரியா 69 கிலோ அழுத்தம் வேணும். அதே 800, 110 சுத்துல 42 கிலோவுலயே வந்துடும். எழுபது கிலோ ஆளு தன் எடை அளவுக்கு சராசரியா அழுத்தறது லேசுப்பட்ட வேலையா? அதனாலதான் ஹேண்டில்பாரைப் பிச்சு எடுக்கற மாதிரி இழுத்து, வண்டியை இடமும் வலமும் ஆட்டி, கடைசியில பின்னாடி வந்தவன் சைடுல போறதைப் பாத்துக்கிட்டே முடிக்கிறாங்க.

இதைச் சொன்னா உடனே ஒரு பதில் வரும்: "டிராக்ல ஓட்டறவன்லாம் மலை மாதிரி கியர் போடறானே, அவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?" நல்ல கேள்வி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில ஹாரி லாவ்ரெய்சன் 200 மீட்டரை 9.088 விநாடியில கடந்தார். மணிக்கு 79 கி.மீ.! அந்த வேகத்துல ஒரு சுத்துக்கு 10 மீட்டர் போற ராட்சச கியரைப் போட்டாலும் கால் நிமிஷத்துக்கு 132 சுத்து சுத்தியாகணும். அவங்க பெரிய கியர் போடறது மெதுவா மிதிக்க இல்ல. அந்த வேகத்துலயும் சுத்து கைமீறிப் போகாம இருக்க. நீங்க அவரோட கியரை மட்டும் எடுத்துக்கிட்டு வேகத்தை விட்டுட்டீங்க. யானைக்குத் தைச்ச சட்டையைப் பூனைக்குப் போட்ட கதை.

நம்ம ஆளுங்களையே பாருங்களேன். 2019-ல ஜெர்மனியில நடந்த ஜூனியர் உலக டிராக் சாம்பியன்ஷிப்ல ஈசோ ஆல்பன், ரொனால்டோ சிங், ரோஜித் சிங் இருந்த இந்திய அணி டீம் ஸ்பிரிண்ட்ல தங்கம் வாங்குச்சு. 2022-ல டெல்லியில நடந்த ஆசியப் போட்டியில ரொனால்டோ ஸ்பிரிண்ட்ல வெள்ளி வாங்கினார். டிராக் வண்டியில ஒரே கியர், பிரீவீலும் கிடையாது. எந்தக் கியர்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா அப்புறம் கையில இருக்கறது கால் சுத்து மட்டும்தான். டீம் ஸ்பிரிண்ட்ல நின்ன இடத்துலேர்ந்து இழுத்துட்டுப் போற முதல் ஆளுக்குப் பின்னாடி வர்றவங்களை விட சின்ன கியர் வைக்கறது வழக்கம். பெருசுதான் வேகம்னா அவருக்குல்ல பெருசா வைக்கணும்?

இன்னொரு கோஷ்டி: "யூசிஐயே ஜூனியர் கியர் கட்டுப்பாட்டை எடுத்துட்டான்பா." உண்மைதான். 2022 முடியற வரைக்கும் ஜூனியர் ரோடு போட்டியில ஒரு சுத்துக்கு 7.93 மீட்டருக்கு மேல போகக்கூடாது, அதாவது 52/14. 2023-லிருந்து அந்த விதி இல்ல. ஆனா விதி போச்சுங்கறதுக்கு அர்த்தம், பெரிய கியர் போடலாம்ங்கறது; போட்டே ஆகணும்ங்கறது இல்ல. அத்தனை வருஷம் அந்தக் கட்டுப்பாட்டோட சுத்திப் பழகினவங்கதான் பின்னாடி பெரிய பந்தயங்கள்ல ஜெயிச்சாங்க.

நியாயமா இதையும் சொல்லிடறேன். நாள் முழுக்க சீரா ஓட்டும்போது கொஞ்சம் மெதுவான சுத்து மூச்சைக் காப்பாத்தும். சின்ன கியர்ல 150, 160-ன்னு சுத்தி சீட்டு மேல தவளை மாதிரி குதிக்கறதும் வீண். தொடைக்கு பலம் ஏத்த பெரிய கியர்ல பயிற்சி பண்றதும் தப்பில்ல. நான் சண்டை போடறது கடைசி 200 மீட்டருக்கு மட்டும்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அண்ணா பிறந்தநாளை ஒட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம் மாவட்டமா சைக்கிள் போட்டி நடத்தறது தெரியும்ல? 13, 15, 17 வயசுக்கு உட்பட்டவங்களுக்குத் தனித்தனியா, பத்துலேர்ந்து இருபது கிலோமீட்டர் வரைக்கும். இந்தியாவுல செஞ்ச சாதாரண சைக்கிள்தான், கியர் வண்டிக்கு இடம் இல்ல. எனக்குப் பிடிச்ச போட்டி அது. லட்ச ரூபாய் வண்டியும் பம்மாத்தும் செல்லாத இடம்.

எங்க தெருவுல பதினொன்னாவது படிக்கற பொண்ணு ஒண்ணு. பள்ளிக்கூடத்துல குடுத்த விலையில்லா சைக்கிள்லயே போட்டிக்கு ரெடியாகுது. நம்ம அண்ணன்மார்ல ஒருத்தர் புண்ணியத்துல 18 பல்லு பிரீவீலைக் கழட்டிட்டு 16 மாட்டியாச்சு. "அப்பதான் வேகம் வரும்"னாராம். ரெண்டு வாரத்துல, "அண்ணா, ஏத்தத்துல முட்டி புடிக்குது"ன்னு சொல்லுது.

கணக்கு போடுங்க. முன்னாடி 44 பல்லு, 26 இன்ச் வீல். 18-ல சுத்துக்கு 5 மீட்டர் சொச்சம். அந்தப் பொண்ணு முழு மூச்சா ஓட்டற 33 கி.மீ. வேகத்துல கால் 109 சுத்து, சரியா மேட்டு வாசல்ல. 16 மாட்டினா அதே வேகத்துல 97. மறுபடி 110-ஐத் தொடணும்னா 37 கி.மீ. வேகம் வேணும், அது அந்த வண்டியில அந்த வயசுல வராது. ஆனா நின்னு எடுக்கற ஒவ்வொரு மிதியும், ஏத்தத்துல ஒவ்வொரு மிதியும் எட்டுல ஒரு பங்கு கனமாயிடுச்சு. வராத வேகத்துக்கு முட்டியை அடகு வச்ச கதை. கியர் வண்டிக்காரன் தப்பு பண்ணா ஒரு தட்டுல சரி பண்ணிக்கலாம். இதுகளுக்கு இருக்கறதே ஒரு கியர். அதையும் கெடுத்து வச்சா எங்க போகும்?

ரோட்டோரம் கிலோமீட்டர் கல்லுக்கு நடுவுல 2, 4, 6, 8-னு சின்னக் கல்லு நட்டிருப்பாங்க. ஒரு கல்லுக்கும் அடுத்ததுக்கும் 200 மீட்டர். காலையில வண்டி நடமாட்டம் இல்லாத நேரமா பாத்து, அந்தப் பொண்ணை மூணு தடவை 16-ல, பழையபடி மாட்டிட்டு அடுத்த நாள் மூணு தடவை 18-ல, ஒரே வேகத்துல வந்து ஓட்டச் சொன்னோம். 18-ல ஓடின மூணுமே 16-ஐ விட ஒரு செகண்டுக்கு மேல முன்னாடி. அந்த அண்ணன்கிட்ட சொன்னா, "காத்து அடிச்சிருக்கும்"ங்கறார். சரிதான்!

நீங்களும் செஞ்சு பாருங்க. பவர் மீட்டர்லாம் வேணாம். வலது கால் கீழ வர்றதை 10 விநாடி எண்ணி ஆறால பெருக்குங்க. 20 வந்தா 120. பதினொன்னு, பன்னெண்டு வந்தா நீங்க ஸ்பிரிண்ட் பண்ணல, மாவு ஆட்டறீங்க. ஒரே நுழைவு வேகம், மூணு வேற கியர், ஒரே 200 மீட்டர், ஒரு ஸ்டாப்வாட்ச்.

பின்னூட்டத்துல கும்ம வர்றவங்க தாராளமா கும்மலாம். ஆனா எந்தக் கியர், எத்தனை சுத்து, எத்தனை விநாடின்னு மூணு நம்பரோட வாங்க. அதுவரைக்கும் பள்ளிக்கூடப் பசங்களோட பிரீவீல்ல மட்டும் கை வைக்காதீங்க, புண்ணியமாப் போகும்.